கொண்டைக்குள் ஒரு டப்பா

டெய்சி அத்தை என் மாமியார். கோலார் தங்கவயலில், ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளில் ஒன்றில் பிறந்தார். அதே லைனில் சில வீடுகள் தள்ளி வாழ்க்கைப்பட்டார். போன ஆகஸ்ட் மழையில் அந்த வீட்டிலேயே செத்துப்போனார். இடையில் ஒரு தடவை விமானத்தில் டெல்லி போய்த் திரும்பினார். அந்தப் பயணத்துக்கு அவர் பையில் எடுத்துவைத்தது என்ன, அவரை எடுத்துப்போக விடாதது என்ன என்று சொன்னாலே அவரைப் பற்றிப் பெரும்பாலும் சொன்னதாகிவிடும்.

அவருக்குச் சொத்து என்று இருந்தது குரல். சர்ச்சில் மைக் கெட்டுப்போன ஞாயிற்றுக்கிழமைகளில் வேதபாடம் வாசிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் தையல் மெஷின் போட்டு லைனில் எல்லோருக்கும் ரவிக்கை தைத்தார். அளவு எடுக்க யாரையும் வீட்டுக்குள் கூப்பிடும் வழக்கம் கிடையாது. வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டு, "லதா, இன்னாடி கை இம்மாம் பெருசாப் போச்சு? துணி பத்தாது. ஒரு கைக்குத்தான் வரும், எந்தக் கைக்கு வேணும் சொல்லு" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சொல்வார். லதா திட்டிக்கொண்டே சிரிப்பாள். அடுத்த முறையும் அவரிடமே துணி கொண்டுவருவாள்.

இன்னொன்றும் செய்வார். பேத்தமங்களா பக்கத்திலிருந்து தேன் கொண்டுவரும் ஆளிடம் மெழுகு வாங்கி, தேங்காய் எண்ணெயில் உருக்கி, தலைவலித் தைலம் தீர்ந்த சின்னத் தகர டப்பாக்களில் ஊற்றி ஆறவைப்பார். உதட்டுக்குப் போடுவது. மைன்ஸ் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கீழ் லெவல்களில் பாறையே கொதிக்குமாம். ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிறவர்களின் உதடு காய்ந்த களிமண் மாதிரி வெடித்திருக்கும். கேட்டவர்களுக்கெல்லாம் அத்தை ஒரு டப்பா கொடுப்பார்.

மாமாவின் பெயர் இன்பராஜ். அவருக்குச் சுரங்கத்தின் ஷாஃப்ட் கேட்டில் வேலை. மேலே வருகிற ஆள் தங்கத்தைத் திருடிக்கொண்டு போகிறானா என்று உடம்பைத் தடவிப் பார்க்கிற வேலை. முதலில் வாயைத் திறக்கச் சொல்வார், நாக்கைத் தூக்கச் சொல்வார். பிறகு தலைமயிருக்குள் விரலை விட்டுத் துழாவுவார். சாப்பாட்டுத் தூக்கு, வெற்றிலைப் பொட்டலம், சுண்ணாம்பு டப்பா எல்லாவற்றையும் ஒரு நீளமான ஊசியால் குத்திப் பார்ப்பார். அந்த ஊசியைச் சட்டைக் காலரின் உள்பக்கத்தில் செருகியிருப்பார். அதனால் லைனில் அவருக்கு ஊசி இன்பராஜ் என்று பெயர். சந்தேகம் வந்தால் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்த் துணியை அவிழ்க்கச் சொல்வார்.

"என் தாலியக்கூட ஊசி வெச்சுக் குத்திப் பாத்துட்டுத்தான் கட்டினாரு இந்த ஆளு" என்று அத்தை எல்லோரிடமும் சொல்வார், அவர் காதுபடவே.

"சொல்லுடி, நல்லாச் சொல்லு" என்பார் மாமா. "இத்தினி வருசத்துல என் கேட்டத் தாண்டி ஒரு குந்துமணி போச்சா? கை காலியா வர்றவன்தான் மனுசன். கையில எதுனா வெச்சுக்கினு வர்றவன் திருடன். இல்லனா நாளைக்குத் திருடப்போறவன்."

இரண்டு வீடு தள்ளி மனோகர் இருந்தார். அண்டர்கிரவுண்டில் வேலை. அத்தை கொடுத்த மெழுகு டப்பா ஒன்றை நிக்கர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஒருநாள் மேலே வந்தார். மாமா டப்பாவைத் திறந்து ஊசியை விட்டுக் கிளறினார். ஊசி முனையில் மஞ்சளாக ஒரு பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. தங்கமா, கல்லில் மினுக்குகிற வேறு ஏதாவதா, தெரியாது. மனோகரை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணை இழுத்துக்கொண்டே போனது. முடிவதற்குள் மைன்ஸே மூடப்பட்டது. மனோகர் கடைசிவரை திருடனும் ஆகவில்லை, யோக்கியனும் ஆகவில்லை. இப்போது தினமும் காலை ரயிலில் பெங்களூர் போகிறார். அங்கே ஒரு அபார்ட்மெண்ட் கேட்டில் நின்று, வேலை முடிந்து வெளியே போகிற பெண்களின் பையைத் திறந்து பார்க்கிறார்.

அந்த டப்பா தன் கையால் கொடுத்தது என்பதற்காக அத்தை மனோகர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாராம். மாமா போகவில்லை. "தப்பு பண்ணவனா நானு? பாத்தேன், கெடச்சுது, சொன்னேன்" என்றார்.

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனபோது ஷாஃப்ட் எல்லாம் மூடி வருடங்கள் ஆகியிருந்தன. மாமாவின் காலரில் ஊசி மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு அத்தைக்கு நாக்கின் அடியில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. பெங்களூரில் காட்டினோம். வாய்க்கும் கழுத்துக்கும் ரேடியேஷன் கொடுத்தார்கள். மாமாதான் ஒவ்வொரு நாளும் ரயிலில் கூட்டிப்போனார். கூட்டத்தில் அத்தைக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்து, தான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போவார். அத்தை வாந்தி எடுத்த பாத்திரத்தை மாமாவே கழுவினார். என்னைத் தொடவிடவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

புண் போயிற்று. கூடவே எச்சிலும் போயிற்று. எச்சில் சுரக்கிற இடங்கள் எல்லாம் கருகிவிட்டன, இனி வராது என்றார்கள். உதடு ஓயாமல் வெடிக்கும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் குடித்தால் விழுங்கிய உடனே வாய் மறுபடி காய்ந்துவிடும். வாய்க்குள் தடவ ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார்கள், அடித்துக்கொள்ள ஒரு ஸ்பிரே. உதட்டுக்கு அவருடைய மெழுகுதான். கடையில் விற்கிற வாசனை போட்ட எதை வைத்தாலும் நெருப்பு வைத்த மாதிரி எரியும். ஜெல்லைத் தடவி, மெழுகைப் பூசி, கொஞ்சம் பொறுத்தால் நாலு வாக்கியம் பேசுவார். குழறும், ஆனால் புரியும். பிறகு மறுபடி தடவ வேண்டும்.

"முன்ன நாள் முழுக்கச் சும்மாவே கத்தினேன். இப்போ பேட்டரி போட்டாத்தான் பாடற ரேடியோ மாதிரி ஆயிட்டேன்" என்பார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பேட்டரி தீர்ந்துபோகும்.

அவருடைய மகள் கரோலின் டெல்லியில் இருக்கிறாள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜனவரியில் ஞானஸ்நானம் என்று முடிவானது. குழந்தைக்கு மிரியம் என்று பெயர். அத்தை தேர்ந்தெடுத்த பெயர் அது. ஞானத்தாயாக அத்தையே நிற்க வேண்டும் என்று கரோலின் பிடிவாதமாகச் சொன்னாள். போதகர், "இந்தப் பிள்ளைக்குப் பேரிடுங்கள்" என்று கேட்கும்போது ஞானத்தாய் சபைக்கு முன்னால் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். அவர்கள் சபையில் அதுதான் முறை.

"பேசறதுக்கே கஷ்டப்படுதாவ, அவங்கள எதுக்குப் போட்டு அலைக்கழிக்கணும்? நாந்தான் இங்கேயே இருக்கேன்லா" என்று கரோலினின் மாமியார் போனில் சொன்னார். அவர் தூத்துக்குடிக்காரர், மகன் கிறிஸ்டோவோடு டெல்லியில் இருக்கிறார்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அத்தை ஜெல்லை எடுத்துத் தடவினார். கொஞ்சம் பொறுத்தார். "ஒரு வார்த்தைதான சம்மந்தி? அது என்கிட்ட கீது" என்றார்.

அன்றிலிருந்து பயிற்சி நடந்தது. சமையலறையில் அடுப்பைப் போதகராக நினைத்துக்கொண்டு, "மிரியம்" என்பார். முதல் எழுத்துக்கும் உதடு மூடவேண்டும், கடைசி எழுத்துக்கும் மூடவேண்டும். வெடித்த உதட்டுக்கு அது லேசான வேலை இல்லை. "வேற பேரு பாத்திருக்கலாம் இல்ல அத்தை, சாராள்னு?" என்று கேட்டேன். "சாராள்னா எவ வேணா சொல்லுவா" என்றார்.

விமானத்தில் என்னென்ன எடுத்துப்போகலாம் என்று தேடிப் படித்து மாமாவுக்கு விளக்கினேன். என் கணவர் லாய்டுக்கு லீவு கிடைக்காததால் நான்தான் அவர்கள் இரண்டு பேரோடும் போவதாக இருந்தது. சோப்பு, பவுடர், எண்ணெய் பாட்டில் எல்லாம் பெரிய பெட்டியில் போகட்டும், அதை அவர்களே வாங்கிக் கீழே ஏற்றிவிடுவார்கள். ஜெல், ஸ்பிரே, மெழுகு டப்பா மூன்றும் சின்னவை. ஒரு கண்ணாடிக் கவரில் போட்டு ஜிப்பை மூடி, கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். கேட்டால் எடுத்துக் காட்டினால் போதும்.

மாமா கட்டிலில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார்.

"கண்ணாடிக் கவரு எதுக்கும்மா?"

"உள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியறதுக்கு, மாமா."

"உள்ள ஒண்ணும் இல்லாதவனுக்கு கவரு எதுக்கு?"

"அத்தைக்கு வழியில வேணுமே."

"எவ்ளோ நேரம்? ரெண்டு மணி, மூணு மணி. வாய மூடிக்கினு குந்தினா வந்துடும் டெல்லி. மாலா, நீ படிச்ச பொண்ணு. ஆனா கேட்டப் பத்தி எனக்குச் சொல்லாத. ஜெல்லுன்றான், டப்பான்றான், பிதுக்குறான், மோந்து பாக்குறான், சந்தேகம் வந்தா தனியா இட்டுக்கினு போறான். இவளையா? அந்த ரூமு எப்டி இருக்கும்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அத்தை கையால் சைகை காட்டினார்: கவர் உன்னிடமே இருக்கட்டும், விடு. நான் கவரை என் கைப்பையின் அடியில் வைத்தேன். சனிக்கிழமை, கிளம்புகிற அன்று காலை கார் வந்து நின்றபோது மாமா எங்கள் இரண்டு பேரின் கைப்பையையும் கட்டிலில் கவிழ்த்தார். கவரை எடுத்துப் பெரிய பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"விடு மாலா. அவரோட பேஜாரு வேணாம், நேரமாவுது" என்றார் லாய்டு.

அத்தை மட்டும், "தல வாரிக்கினு வரேன்" என்று உள்ளே போனார்.

பெங்களூர் ஏர்போர்ட்டில் பெட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். சோதனை வரிசை நகர்ந்தது. ஆண்களுக்கு ஒரு வழி, பெண்களுக்குத் திரை போட்ட சின்னக் கூண்டு. அதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து நின்று தட்டில் பொருட்களை வைக்க வேண்டும். மாமா பெல்ட்டைக் கழற்றினார், செருப்பைக் கழற்றினார். காலர் ஊசியைக் காரிலேயே டிரைவரிடம் கொடுத்து வீட்டில் சேர்க்கச் சொல்லியிருந்தார். பிறகு, யாரும் கேட்காமலே, அங்கே நின்ற இளம் காவலர் முன்னால் போய் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

காவலர் ஒரு நொடி விழித்துவிட்டுச் சிரித்தார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள்.

"மைன்ஸ் செக்யூரிட்டி, கே.ஜி.எஃப்., ரிடையர்டு" என்று மாமா விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். காவலரும் சிரிப்போடு பதில் சல்யூட் வைத்தார். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை. அதே முகத்தோடு திரும்பி எங்களைப் பார்த்தார். முகம் மாறியது.

"டெய்சி, இப்டி வா."

அத்தை வரவில்லை. வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா, கழுத்த ஆட்டாம நடக்கற?"

அத்தை, "சுளுக்கு" என்பதுபோல் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். அவர் அப்படிச் செய்திருக்கக்கூடாது. மாமா இரண்டு எட்டில் வந்தார். கேட்டில் அத்தனை வருடம் அத்தனை தலைகளில் நுழைந்த விரல்கள் அத்தையின் கொண்டைக்குள் நுழைந்தன. ஊக்குகள் தரையில் விழுந்தன. முடி அவிழ்ந்து தோளில் சரிந்தது. மாமாவின் விரலிடுக்கில் மெழுகு டப்பா இருந்தது.

"லாய்டு அப்பா, வேணாங்க" என்றார் அத்தை. காய்ந்த வாயிலிருந்து அது சொல்லாக வரவில்லை. எனக்குப் புரிந்தது. மாமாவுக்கும் புரிந்திருக்கும்.

"தகரம்டி இது. மெசினு கத்தும். கத்தினா இன்னா நடக்கும் தெரியுமா உனக்கு? அத்தினி பேரு எதுருல திருடின்னு இட்டுக்கினு போவாங்க."

"மாமா, தட்டுல வெச்சா போதும். இதுக்கு அனுமதி உண்டு. நான் காட்டறேன், குடுங்க" என்று கையை நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு பெரிய தொட்டி இருந்தது. தண்ணீர் பாட்டில், லைட்டர், கத்தரி என்று பறித்ததையெல்லாம் அதில்தான் போட்டிருந்தார்கள். மாமா டப்பாவை அதில் போட்டார். விழுந்த சத்தம்கூட வரவில்லை.

இளம் காவலர் அருகே வந்து இந்தியில் கேட்டார். அது உதட்டில் பூசுவதுதானே, அதைக் கொண்டுபோகலாமே, ஏன் போட்டார் என்று. நான் மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். காவலரிடம் அதை எடுத்துத் தரும்படி கேட்டேன். தொட்டியில் விழுந்ததை எடுக்க எங்களுக்கே அனுமதி கிடையாது என்று அவர் வருத்தத்தோடு கையை விரித்தார்.

மாமா மெச்சுகிற மாதிரி தலையை ஆட்டினார். "பாத்தியா? ரூலுன்னா இதான் ரூலு. எடுத்தது எடுத்ததுதான்."

அத்தை குனிந்து ஊக்குகளைப் பொறுக்கினார். வரிசையில் நின்ற ஒரு பெண் தன் மகளிடம், "அந்தப் பாட்டி என்னத்தையோ ஒளிச்சு எடுத்துட்டு வந்திருக்காங்க" என்று தமிழிலேயே சொன்னாள்.

உள்ளே கடைகள் இருந்தன. ஓடிப்போய் ஒரு லிப் பாம் வாங்கிவந்தேன். வாசனை இல்லாதது அவர்களிடம் இல்லை. ஸ்ட்ராபெரி வாசனை அடித்தது. அத்தை அதை முகர்ந்துவிட்டு, கேக் மேல் தடவுவதுபோல் சைகை செய்தார். எனக்காகக் கொஞ்சம் பூசினார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு டியூபை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

வடக்கே பனிமூட்டம். விமானம் கிளம்பவே தாமதம்; கிளம்பியும் டெல்லியில் இறங்க முடியாமல் ஜெய்ப்பூரில் இறங்கியது. உள்ளேயே உட்காரவைத்தார்கள். பிறகு இறக்கி நாற்காலிகளில் உட்காரவைத்தார்கள். கடைசியில் வேறு ஒரு விமானத்தில் ஏற்றினார்கள். ஒவ்வொரு இடத்திலும் காய்ந்த குளிர்காற்று. நான் தண்ணீர் வாங்கி வாங்கிக் கொடுத்தேன். மாமா எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு கேள்வி கேட்டானா நம்மள? கேக்கல. அவ்ளோதான். கை காலியா இருந்தா எந்த கேட்டும் தொறக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டெல்லியில் இறங்கினோம். பெட்டி வரவில்லை, அது ஜெய்ப்பூரிலேயே தங்கிவிட்டது, நாளைக்கு வரும் என்றார்கள். சாவி மாமாவின் இடுப்பில் இருந்தது.

கிறிஸ்டோ காரோடு காத்திருந்தான். ஆராதனை தொடங்குகிற நேரம். வழியில் மருந்துக்கடை ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. சர்ச் படியில் கரோலின் நின்றிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் குழந்தையின் பையைத் துழாவி வாஸ்லினை எடுத்து உதட்டில் அப்பினாள். உதடு பளபளத்தது. உள்ளே நாக்கு மரக்கட்டையாக இருந்தது.

"சொல்லிடுவியாம்மா?"

அத்தை தலையை ஆட்டினார்.

குழந்தைக்கு வெள்ளைக் கவுன் போட்டிருந்தார்கள். அத்தையே தைத்து டிசம்பரில் தபாலில் அனுப்பியது. அத்தை குழந்தையை ஏந்திக்கொண்டு ஞானஸ்நானத் தொட்டியின் முன்னால் நின்றார். பக்கத்தில் மாமா, கையைக் கட்டிக்கொண்டு. போதகர் ஜெபத்தை முடித்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்குப் பேரிடுங்கள்" என்றார்.

அத்தை வாயைத் திறந்தார். நாக்கு அண்ணத்திலிருந்து பிரிகிற சத்தம் மட்டும் கேட்டது. உதட்டை மூடினார், 'மி' சொல்வதற்கு. அழுத்தி மூடினார். கீழ் உதட்டின் நடு வெடிப்பு அப்படியே பிளந்தது. சபை காத்திருந்தது. போதகர் நல்ல மனிதர். இன்னொரு தடவை மெதுவாகக் கேட்டார். அத்தை மறுபடி உதட்டை மூடினார். ரத்தம் தாடையில் இறங்கிக் குழந்தையின் கவுனில் சொட்டியது.

"ஐயோ, பிள்ளை மேல ரத்தம்லா விழுது!" கிறிஸ்டோவின் அம்மா முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். பறித்தார் என்று சொல்லமாட்டேன். அத்தையின் கை தானாகவே கொடுத்தது. "நான் சொல்லுதேன் ஐயரே. மிரியம்." கணீரென்று சொன்னார். கடைசி பெஞ்சு வரை கேட்டிருக்கும். போதகர் தண்ணீரை அள்ளினார். ஞானத்தாயாகப் பதிவேட்டில் கிறிஸ்டோவின் அம்மாவே கையெழுத்துப் போட்டார்.

அத்தை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். மாமா அவர் பக்கம் குனிந்தார். எதையாவது ஆறுதலாகச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஒரு வார்த்த" என்றார். "ஒரே ஒரு வார்த்த சொல்ல முடியல உன்னால."

மறுநாள் பெட்டி வந்தது. மாமா பூட்டைத் திறந்து, கவரில் இருந்த ஜெல், ஸ்பிரே, இரண்டாவது மெழுகு டப்பா எல்லாவற்றையும் அத்தையின் முன்னால் மேஜையில் வரிசையாக வைத்தார். "இந்தா. ஒண்ணும் தொலையல. பாத்துக்க."

அத்தை எதையும் தொடவில்லை. கரோலின்தான் ஜெல்லைப் பிதுக்கி வாயில் தடவிவிட்டாள். "இப்போ சொல்லும்மா. நான் மட்டும் கேக்கறேன். மிரியம்னு சொல்லு." அத்தை மகளின் கன்னத்தைத் தட்டினார். சொல்லவில்லை. அதன்பிறகு அவர் பேசியதை யாரும் கேட்கவில்லை. பேச முடியவில்லையா, பேசவில்லையா என்று பெங்களூர் டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

திரும்பி வரும்போது டெல்லி ஏர்போர்ட்டில், சோதனை வரிசைக்கு வந்ததும் அத்தை தானாகவே மாமாவின் முன்னால் போய் நின்றார். கொண்டையை அவிழ்த்து முடியை உதறிக் காட்டினார். வாயைத் திறந்து, முடிந்தவரை நாக்கைத் தூக்கினார். இரண்டு கைகளையும் விரித்தார். அது கேலி என்று எனக்குப் புரிந்தது. மாமாவுக்குப் புரியவில்லை. அவர் உண்மையிலேயே பார்த்தார். வாய்க்குள் குனிந்து பார்த்துவிட்டு, "சரி, போ" என்றார்.

மே மாதம் வலி திரும்ப வந்தது. இந்த முறை தொண்டையில். ரேடியேஷன் இனி கொடுக்க முடியாது என்றார்கள். ஜூலைக் கடைசியில் தண்ணீரும் இறங்கவில்லை. பஞ்சை நனைத்து உதட்டை ஈரமாக்குவோம். இரண்டாவது டப்பாவில் இருந்த மெழுகை நான் பூசுவேன். மாமா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிடுவார். ஒரு நாள்கூட அந்த டப்பாவை எடுத்துக் கொடுத்ததில்லை. செத்த அன்று காலையில்தான், "காத்து வருது, ஜன்னல மூடு, உதடு காயும்" என்றார். அதற்குள் அத்தை போய்விட்டிருந்தார்.

பெண்கள் சேர்ந்து குளிப்பாட்டி, கல்யாணப் புடவை உடுத்தினோம். நான் உதட்டில் மெழுகு பூசினேன். டப்பாவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை அத்தையின் வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி, மேலே லேஸ் கைக்குட்டையைப் போட்டேன். மூடிய கைக்குள் அது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கரோலின் வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆயிற்று. அதுவரை அத்தை ஐஸ் பெட்டியில் கிடந்தார். விரல்கள் டப்பாவைப் பிடித்தபடி விறைத்திருந்தன.

மழை விட்டு விட்டுப் பெய்தது. சவப்பெட்டிக்கு மாற்றி வாசலில் வைத்தார்கள். போதகர் ஜெபம் செய்தார். மூடியைத் தூக்க ஆட்கள் வந்தபோது, பின்னால் குடைக்குக் கீழே நின்றிருந்த மனோகர் குரல் கொடுத்தார். அன்று வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். கொஞ்சம் குடித்திருந்தார்.

"இன்னா இன்பராஜண்ணே, அப்டியே மூடிடறதா? ஒரு தபா செக் பண்ணிக்க. இது கடைசி கேட்டு. தாண்டிட்டா கெடைக்காது."

யாரோ சிரித்தார்கள். யாரோ, "சும்னே இருய்யா, சாவு வூட்ல" என்று அதட்டினார்கள். லாய்டு அடிக்கப் போனார், இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. அவர் அந்தப் பேச்சைக் கேலியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியின் அருகே போனார். தலைமுதல் கால்வரை பார்த்தார். நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண் கைக்குட்டையில் வந்து நின்றது.

கைக்குட்டையை நீக்கினார். ஒரு விரலைப் பிடித்து நிமிர்த்தினார். அது வரவில்லை. அழுத்தினார். கரோலின், "அப்பா!" என்று கத்தினாள். ஒவ்வொரு விரலாக நிமிர்த்தினார். டப்பா வெளியே வந்தது. மூடியைத் திறந்தார். காலருக்குள்ளிருந்து ஊசியை எடுத்தார். லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மெழுகுக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். ஊசியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மனோகரின் பக்கம் திரும்பினார். "ஒண்ணுமில்ல. மெழுகுதான்."

மனோகர் குடையை மடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார். அவர் அதை எதிர்பார்க்கவில்லை.

டப்பாவை மாமா சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மாமா, அது அத்தைக்கு வெச்சது. குடுத்துடுங்க" என்றேன்.

"எடுத்தது எடுத்ததுதாம்மா" என்றார். அவர் குரல் உடைந்துதான் இருந்தது. கண்ணில் நீரும் இருந்தது. "அவ யாரு பொண்டாட்டி? கை காலியாப் போவட்டும். அதான் மரியாத."

கையை மறுபடி மூடிவைக்கப் பார்த்தேன். விரல்கள் நிமிர்ந்தபடியே நின்றன. கைக்குட்டை நிற்காமல் வழுக்கியது. மழை வலுக்கத் தொடங்கியதால் தூக்குகிறவர்கள் அவசரப்பட்டார்கள். அப்படியே மூடினார்கள்.